ஃபெண்டரை மாட்டும் முன் எர்த்தைப் பாருங்கள்: பழைய காரின் முன்பக்கத்தைத் திரும்பப் பூட்டும் முறை

பெயிண்ட் காய்ந்து, ஃபெண்டரும் பானட்டும் பளபளவென்று சுவரோரம் சாய்ந்து நிற்கும்போது யாருக்கும் கை சும்மா இருக்காது. உடனே எடுத்து மாட்டி, வண்டிக்கு ஒரு முகம் வந்துவிட்டதா என்று பார்க்கத் தோன்றும். நான் அடிப்படையில் வயரிங் வேலைக்காரன்; தகட்டு வேலை பிறகு கற்றுக்கொண்டது. அதனால் முன்பக்கத்தைப் பூட்டும் வேலையை நான் கொஞ்சம் வேறு விதமாகத்தான் பார்ப்பேன். ஃபெண்டர், ஹெட்லைட் கிண்ணம், கிரில் எல்லாமே மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பிப் போகும் பாதை, அதாவது எர்த். அந்தப் பாதையின் ஒவ்வொரு மூட்டிலும் இப்போது புத்தம் புது பெயிண்ட் இருக்கிறது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் வேலையின் வரிசை தானாகவே பிடிபடும்.

உதாரணத்துக்கு மோரிஸ் மைனரை எடுத்துக்கொள்கிறேன். 1948 முதல் 1971 வரை வந்த கார். 1962-க்குப் பிறகு வந்ததில் 1098 சிசி இன்ஜின். ஃபெண்டர்கள் போல்ட்டில் நிற்கின்றன, டைனமோ, இரண்டே ஃப்யூஸ், பாசிட்டிவ் எர்த் (பாட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும்). அந்தக் காலத்து மற்ற பிரிட்டிஷ் கார்களிலும் பெரும்பாலும் இதே கதைதான். வயரின் நிறமும் இடமும் மாறும், வேலையின் வரிசை மாறாது.

ஒருமுறை நண்பர் ஒருவரின் வண்டியைப் பார்த்தேன். பெயிண்ட் பிரமாதம். சைடு லைட் ஸ்விட்ச் அணைந்திருக்கிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் முன்னால் இடது சைடு லைட் மினுக்குகிறது, பின்னால் டெயில் லைட்டும் மங்கலாகத் துடிக்கிறது. அவர் ஃபிளாஷரையும் (இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் பாகம்) ஸ்விட்சையும் ஏற்கெனவே மாற்றிவிட்டார். கோளாறு அங்கே இல்லை. அந்த விளக்கின் கூட்டில் இண்டிகேட்டருக்கும் சைடு லைட்டுக்கும் ஒரே எர்த். அது பெயிண்டால் அடைபட்டதும், இண்டிகேட்டருக்குள் போன மின்சாரம் வெளியேற வழி தேடி, பக்கத்திலிருந்த 5 வாட் இழை வழியாகத் தலைகீழாக ஏறி, சிவப்பு வயரில் ஓடி, மற்ற சைடு லைட்டுகளின் எர்த் வழியாக வெளியே போயிருக்கிறது. விளக்குக் கூட்டின் திருகு உட்காரும் இடத்தில் நகக்கண் அளவு பெயிண்டைச் சுரண்டினோம். சரியாகிவிட்டது. ஒரு விளக்கைப் போட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொன்று எரிந்தால், வேறெதையும் தொடாமல் முதலில் எர்த்தைப் பாருங்கள்.

எர்த் இடங்கள்

தகட்டைத் தொடுவதற்கு முன், எர்த் வயர் பூட்டப்படும் இடங்களையெல்லாம் கண்டுபிடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிரிக்கும்போது எடுத்த போட்டோ இருந்தால் நல்லது. இல்லையென்றால் கறுப்பு வயர்களின் நுனியைத் தேடுங்கள். பிரிட்டிஷ் வண்டிகளில் கறுப்புதான் எர்த். பூட்டும் இடத்தில் வாஷர் அளவுக்கு மட்டும் பெயிண்டை நீக்கி, வெறும் உலோகம் மின்னும்வரை தேய்க்கவும். ஸ்டார் வாஷர் போட்டு, வயர் நுனியை வைத்து, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். முதலில் இறுக்கம், பிறகுதான் ஜெல்லி. ஈரம் உள்ளே போகாமல் இருக்க அது போதும்.

ஹெட்லைட்டுக்கு நான் இன்னொன்றும் செய்வேன். ஃபெண்டரை நம்பாமல் ஒவ்வொரு ஹெட்லைட்டிலிருந்தும் தனி எர்த் வயரை இழுத்து பாடியில் பூட்டிவிடுவேன். ஃபெண்டருக்கும் பாடிக்கும் நடுவே பீடிங் என்ற நீளமான பட்டை வேறு வரப்போகிறது. பெயிண்ட் அடித்த போல்ட்டுகள் மட்டுமே மிச்சம் இருக்கும் பாதை. அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் கூட இந்தக் கறுப்பு வயரை மன்னித்துவிடுவார்கள், கண்ணுக்கே தெரியாது.

இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள பின்னல் பட்டையை மறந்துவிடாதீர்கள். இன்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டை இல்லையென்றால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மொத்த மின்சாரமும் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத்தான் திரும்ப முடியும். சோக் கேபிள் சூடாகிப் புகைந்தால் காரணம் இதுதான்.

ஹார்னஸைப் படுக்க வைப்பது

இப்போது ஹார்னஸ், அதாவது டேப் சுற்றிய வயர் கட்டு. ஃபெண்டர், கிரில், ரேடியேட்டர் எதுவும் இல்லாத இந்த நேரத்தில்தான் கை எங்கும் போகும். ஹார்னஸை ஒரு நாள் வெயிலில் வைத்தாலோ, வெதுவெதுப்பான அறையில் விரித்துப் போட்டாலோ மடிப்புகள் நெகிழ்ந்து சொன்னபடி கேட்கும். ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தகட்டுச் சுவர்) உள்ள ஒவ்வொரு ஓட்டைக்கும் புது ரப்பர் கிராமெட், அதாவது ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம், போடுங்கள். பழைய கிராமெட்டை மிச்சம் பிடிக்கப் போய், தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்துவிட்டால் அது உடனே தெரியாது. வண்டி அதிர்ந்து ஓடி, ஒரு நாள் தெரியும்.

முதலில் எந்தக் கிளிப்பையும் இறுக்காதீர்கள். முழு ஹார்னஸையும் அதன் வழியில் தளர்வாகப் படுக்க வைத்து, ஒவ்வொரு நுனியும் அதனதன் இடத்தை எட்டுகிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குப் போகும் கிளைகளில் கொஞ்சம் தளர்வு வேண்டும், இன்ஜின் ஆடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, ஸ்டீயரிங் கம்பி, ஃபேன் இந்த மூன்றுக்கும் பக்கத்தில் எதுவும் தொங்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கிளிப்பை மூடுவேன்.

நிறங்களை ஒருமுறை தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். லூகாஸ் என்ற மின்பாக நிறுவனத்தின் வயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் பிரவுன் என்றால் பாட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ் இல்லாமல், எப்போதும் உயிரோடு இருக்கும் வயர். வெள்ளை, சாவி போட்டால் உயிர் வரும். பச்சை, சாவிக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக வருவது. சிவப்பு சைடு லைட்டும் டெயில் லைட்டும். நீலம் ஹெட்லைட்: நீலத்தில் வெள்ளைக் கோடு ஹை பீம், நீலத்தில் சிவப்புக் கோடு டிப், அதாவது கீழே இறக்கிய வெளிச்சம். பச்சையில் சிவப்புக் கோடு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளைக் கோடு வலது. அறுபது வருடப் பழைய வயரில் கோடு மங்கிப் போயிருக்கும். நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே டேப்பைப் பிரித்துப் பார்த்தால் அசல் நிறம் தெரியும். அதுவும் தெரியாவிட்டால் மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து இரண்டு நுனியையும் தொட்டு உறுதி செய்யவும். ஊகம் வேண்டாம்.

முன்பக்கத்து இணைப்புகள் குண்டு முனை வகை, 4.7 மி.மீ. பித்தளை முனைகள் ரப்பர் உறைக்குள் இருக்கும் குழாயில் போய் உட்காரும். உறைக்குள் இருக்கும் பழைய குழாய் பச்சை பூத்திருந்தால் சுத்தம் செய்வதில் நேரம் போக்காமல் மாற்றிவிடுங்கள். முனையைப் பொருத்தும்போது டக்கென்று உட்கார வேண்டும். விரலால் இழுத்தால் வரக் கூடாது. புது முனை போடும்போது சரியான கிரிம்பிங் கருவியைப் பயன்படுத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனை இன்று எரியும், ஆறு மாதத்தில் கழன்றுவிடும்.

ஃப்யூஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. லூகாஸ் கண்ணாடி ஃப்யூஸில் 35 என்று எழுதியிருந்தால் அது எந்த ஆம்பியரில் உருகும் என்பதைக் குறிக்கிறது. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் மட்டுமே. மற்றபடி இப்போது கிடைக்கும் பல ஃப்யூஸ்களில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. 35 என்ற எண்ணைப் பார்த்து அந்த வகையில் 35 வாங்கிப் போட்டால், ஃப்யூஸ் உருகுவதற்கு முன் வயர் உருகிவிடும். இன்னொன்று, இந்த வண்டிகளில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. முன்பக்கத்தில் நீல வயரின் தோல் கிழிந்து தகட்டில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை. அதனால்தான் கிராமெட்டுக்காக அவ்வளவு சண்டை போட்டேன்.

ரிலே வைப்பதா வேண்டாமா

7 அங்குல வட்ட ஹெட்லைட்டில் எச்4 ஹாலஜன் போட நினைப்பவர்கள்தான் அதிகம். ஹை பீம் 60 வாட், டிப் 55 வாட். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து டிப்பில் 110 வாட், ஏறத்தாழ 9 ஆம்பியர். அது முழுவதும் டேஷ்போர்டு ஸ்விட்ச், காலால் மிதிக்கும் டிப் ஸ்விட்ச், அங்கிருந்து முன்னால் என்று சுற்றி வர வேண்டும். வழியில் வோல்ட் குறையும். இழை விளக்கில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைகிறது. ஆகவே ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச், வைப்பது நல்லது என்பது என் கட்சி. அதை ஃபெண்டர் மாட்டுவதற்கு முன் இப்போதே வைத்துவிட வேண்டும்.

ரிலேயில் 30 என்ற கால் பாட்டரியிலிருந்து, ஃப்யூஸ் வழியாக. 87 விளக்குக்கு. 85, 86 இரண்டும் சுருளுக்கு: ஒன்று பழைய ஹெட்லைட் வயரிலிருந்து, மற்றொன்று எர்த்துக்கு. ஹை பீமுக்கு ஒன்று, டிப்புக்கு ஒன்று. 30-க்கும் 87-க்கும் 2 சதுர மி.மீ. வயர் போதும். இங்கே பாசிட்டிவ் எர்த் வண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டும்: உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) உள்ள ரிலேயை வாங்காதீர்கள், திசை மாறினால் டயோடு எரிந்துபோகும். டயோடு இல்லாத சாதாரண ரிலே எந்தப் பக்கமாக வைத்தாலும் வேலை செய்யும். எல்.இ.டி. விளக்குக்கும் எலக்ட்ரானிக் ஃபிளாஷருக்கும் இதே கவனம் தேவை.

ரிலே வைத்துவிட்டதால் 100 வாட் பல்பு போடலாம் என்று கிளம்பாதீர்கள். டைனமோ முழு வேகத்தில் கொடுப்பதே 22 ஆம்பியர்தான். ஐடிலில் நிற்கும்போது ஏறத்தாழ ஒன்றுமே கொடுக்காது.

முதல் முறை பாட்டரி இணைக்கும்போது

தகடு ஏறுவதற்கு முன்பே விளக்குகளைத் தற்காலிகமாகக் கட்டித் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் எரித்துப் பார்த்துவிடுவேன். ஃபெண்டர் வந்த பிறகு கோளாறு தேடுவது இரண்டு மடங்கு வேலை.

பாட்டரியை நேராக இணைக்காதீர்கள். 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை இரண்டு வயரோடு ஒரு ஹோல்டரில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரியின் எர்த் முனைக்கும் எர்த் கேபிளுக்கும் நடுவே அந்தப் பல்பை இணையுங்கள். எல்லா ஸ்விட்சும் அணைந்திருக்க, பல்பு எரியவே கூடாது. பிரகாசமாக எரிந்தால் எங்கோ ஷார்ட். ஆனால் பல்பு மின்சாரத்தை 2 ஆம்பியருக்குள் அடக்கிவிடும், எதுவும் கருகாது. நிதானமாக ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, கோளாறு அந்தக் கிளையில். மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் கதவு திறந்திருக்கும், உள் விளக்கு எரிகிறது. சோதனை முடிந்த பிறகுதான் பல்பை எடுத்துவிட்டு நேராக இணைக்க வேண்டும்.

கழற்றும்போது எர்த் கேபிளை முதலில், மாட்டும்போது கடைசியில். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது பாசிட்டிவ் முனை. நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும் என்று கை பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள்.

பிறகு ஹெட்லைட்டைப் போட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மறு முனையை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. அரை வோல்ட் காட்டினால் மறுபடியும் பெயிண்டைச் சுரண்ட வேண்டியதுதான். விளக்கு எரியும்போது பார்த்தால்தான் இது தெரியும். அணைந்திருக்கும்போது ஓம் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

தகடு

இனி ஃபெண்டர். முதல் வேலை, எல்லா போல்ட் ஓட்டைகளிலும் மரையைச் சுத்தம் செய்வது. வெல்ட் செய்த நட்டுகளுக்குள் பெயிண்ட் இறங்கி உறைந்திருக்கும். டாப் (மரை வெட்டும் கருவி) விட்டு எடுக்காமல் போல்ட்டைத் திருகினால் நட்டு வெல்டிலிருந்து பிய்ந்து உள்ளே சுற்றும். அப்புறம் உள்பக்கம் போக வழி இருக்காது. ஃபெண்டரின் ஓரங்கள், கதவின் முன் விளிம்பு, பானட்டின் பக்கவாட்டு விளிம்பு எல்லாவற்றிலும் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஆளுக்கொரு பக்கம் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.

எல்லா போல்ட்டையும் கையால் திருகும் அளவுக்கு மட்டும் போட்டு, ஃபெண்டரைத் தொங்கவிடுங்கள். பீடிங்கை இப்போதுதான் செருக வேண்டும். போல்ட் வரும் இடத்தில் பீடிங்கின் உள் நாக்கில் ஒரு வெட்டு வெட்டினால் மேலிருந்து கீழாக அப்படியே சறுக்கி உட்காரும். பீடிங் குளிர்ந்து விறைப்பாக இருந்தால் வளைவில் சுருக்கம் விழும். சூடான தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்தால் வளைவுக்குத் தகுந்தபடி படியும். நடுவிலிருந்து இரண்டு நுனியை நோக்கி இறுக்கிக்கொண்டு போங்கள், ஒரே நேரத்தில் முழு இறுக்கம் வேண்டாம். ஒரு கையால் பீடிங்கை வெளிப்பக்கமாக மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டால் வட்ட விளிம்பு ஒரே சீராக வெளியே தெரியும்.

இடைவெளியைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டு வாருங்கள். கதவு சரியாக மூடுகிறதா, அதன் பின் இடைவெளி சரியா என்பதை முடித்துவிட்டு, கதவுக்கு ஃபெண்டர், ஃபெண்டருக்குப் பானட், கடைசியில் கிரில். கிரில்லிலிருந்து ஆரம்பித்துப் பின்னால் வருபவர்கள் எல்லாத் தவறையும் கதவில் கொண்டுவந்து சேர்ப்பார்கள், கதவில் திருத்த இடமே இருக்காது. 4 அல்லது 5 மி.மீ. தடிமனுள்ள மரப்பட்டையோ அட்டையோ இரண்டு தகட்டுக்கும் நடுவே செருகி வைத்துக்கொண்டு இறுக்குவது சுலபம். ஷிம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகட்டுத் துண்டு) போட வேண்டிய இடத்தில் ஷிம் போடுங்கள். ஃபெண்டரை வளைத்துப் பொருத்தினால் பெயிண்டில் வெடிப்பு விழும்.

பானட்டை முதல் முறை மூடும்போது ஓங்கித் தள்ளாதீர்கள். கிரில் இல்லாத இந்த நேரத்தில் முன்னாலிருந்து பூட்டு தெரியும். மெதுவாக இறக்கி, கொக்கி அதன் துளைக்குள் நேராகப் போகிறதா என்று கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள். இரண்டாவது பாதுகாப்புக் கொக்கி தானாகப் பிடிக்கிறதா என்பதையும் இப்போதே பார்க்க வேண்டும். பூட்டு சிக்கி, கிரில்லும் மாட்டியாகிவிட்ட வண்டியைத் திறப்பது எப்படி என்று இங்கே எழுத வேண்டிய தேவை வராமல் இருக்கட்டும். ரேடியேட்டரை இதற்குப் பிறகு வைக்கலாம், ஃபேன் இறக்கைக்கும் அதற்கும் நடுவே விரல் தாராளமாகப் போக வேண்டும். ஹார்ன், கிரில், பம்பர் எல்லாம் இனி தானாக வரும். ஹார்னை நேராகத் தகட்டில் இறுக்காமல் அதன் நெகிழும் பட்டையில் மாட்டினால்தான் குரல் வரும்.

ஹெட்லைட் கிண்ணத்துக்கும் ஃபெண்டருக்கும் நடுவே புது ரப்பர் வளையம் போட வேண்டும். மறந்தால் சக்கரம் அடிக்கும் தண்ணீர் முழுவதும் உள்ளே போகும். எச்4 பல்பின் மூன்று கால்களில் எது எர்த், எது ஹை, எது டிப் என்பதைப் பழைய சாக்கெட்டின் நிறத்தை நம்பி முடிவு செய்யாமல் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த்தை இடம் மாற்றிப் போட்டால் இரண்டு இழையும் தொடராக மங்கி எரியும்.

கடைசியாக ஒளியின் திசை. சமதளத்தில், சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டும் இடத்தில் ஒருவரை உட்காரவையுங்கள். ஹெட்லைட் மையத்தின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். டிப்பில் வெளிச்சம் வெட்டி நிற்கும் கோடு அந்தக் குறிக்கு 5 செ.மீ. கீழே வர வேண்டும். அதன் ஒரு பக்கம் மேலே ஏறும் பகுதி சாலையோரத்தை நோக்கி இருக்க வேண்டும். எதிரே வருபவர் பக்கம் ஏறினால், நீங்கள் வாங்கியிருப்பது மறுபக்கச் சாலை ஓட்டும் நாடுகளுக்கான கண்ணாடி. திருகைத் திருப்பி அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஃபெண்டர் போல்ட்டுகளை ஒருமுறை மீண்டும் இறுக்குங்கள். பெயிண்டும் பீடிங்கும் அழுந்தி உட்கார்ந்திருக்கும், எப்படியும் கால் சுற்று கிடைக்கும். அப்போதே எர்த் வோல்ட்டையும் திரும்பப் பார்த்துவிடலாம்.